சுமத்ராக் காற்றில் சாய்ந்த ரம்புத்தான்

மலாக்காவின் காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. கிணற்றையொட்டி ஒரு ரம்புத்தான் மரம். வீடும் நிலமும் பக்கத்து வீட்டுச் செட்டிக் குடும்பத்துக்குச் சொந்தம். அவர்கள் மலாக்காச் செட்டிகள். நெற்றியில் விபூதி இருக்கும், பேச்சு மலாயில் இருக்கும். மரம் மட்டும் என் மனைவியுடையது.

அவள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள். கண்ணுக்கெட்டிய வரை அங்கே மரம்தான், ஆனால் ஒன்றுகூட அவர்களுடையது இல்லை. லயத்து வாசலில் அவள் அம்மா நட்டிருந்த முருங்கையைக் கூட, தோட்டத்து ஆபீஸ் கிராணி ஒருநாள் ஆள் அனுப்பி வெட்டிப் போட்டுவிட்டாராம். கல்யாணமாகி இங்கே வந்த கொஞ்ச நாளில், பண்டார் ஹிலிர் பக்கம் சாமான் வாங்கப் போனவள் ஒரு பதியன் கன்றோடு திரும்பினாள். நான் பஸ் டிரைவர். என் பஸ்ஸில்தான் ஏறினாள். மடியில் கன்றை வைத்துக்கொண்டு, இலை யார் மேலும் படாமல் கையால் அணைத்துப் பிடித்தபடி முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

செட்டி வீட்டில் அனுமதி கேட்டு அதை நட்டாள். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, அது முதல் தடவையாகப் பூத்தது.

அந்தப் பூ மரத்தில் இருந்தபோதுதான் காற்று வந்தது. கடலைத் தாண்டி வரும் அதைச் சுமத்ராக் காற்று என்போம். பெரும்பாலும் காலையில் வரும். வானம் ஒரு பக்கம் மட்டும் கறுத்து, என்ன ஏது என்று பார்ப்பதற்குள் அடித்துவிட்டுப் போய்விடும். அன்று எனக்கு மதிய ஷிப்ட். நான் உள்ளே பசியாறிக்கொண்டிருந்தேன். அவள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கல்லில் துணி அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டியது. ஜன்னலைச் சாத்த எழுந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம். மரம் முறிகிற சத்தம் எனக்குத் தெரியும், இது வேறு. தரைக்குள்ளிருந்து எதையோ பிடுங்குவது போல இருந்தது. காலுக்குக் கீழே பலகை அதிர்ந்தது. துணி அடிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

பின்கதவைத் திறந்தால் கிணற்றைக் காணவில்லை. கிணறு, கல், துணி மங்குப் பாத்திரம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு மரம் படுத்திருந்தது. வேர்கள் சேற்றோடு என் இடுப்பு உயரத்துக்கு நிமிர்ந்து நின்றன. அவளைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மழை பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. கிளைக்குள் புகுந்து, கையால் ஒடித்து, ஒடிக்க முடியாததைக் காலால் மிதித்துத் தேடினேனாம். செட்டிக்காரர் வேலி தாண்டி ஓடி வந்தபோது நான் ஒரு கிளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தேனாம். அவர்தான் பிறகு சொன்னார். எனக்கு நினைவிருப்பது ஈர இலைகள் மட்டும். எதைத் தொட்டாலும் அவள் சேலை போலவே இருந்தது.

"ஏங்க."

திரும்பினேன். வேலிக்கு அந்தப் பக்கம், செட்டி வீட்டுச் சமையற்கட்டு வாசலில், அவள் நின்றிருந்தாள். செட்டியம்மா அவள் தோளில் ஒரு துண்டைப் போர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் இங்கதாங்க இருக்கேன். காத்து வரும்னு தெரிஞ்சதும் இங்க வந்துட்டேன்."

நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். செட்டிக்காரர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக் கொடுத்தார். மழையில் அது என் விரலிடுக்கிலேயே நனைந்து அணைந்தது.

மழை விட்டதும் நான் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தேன். மரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, வேரோடு எரித்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அவள் வெறுங்காலோடு வந்து மரத்துக்கும் எனக்கும் நடுவில் நின்றாள்.

"வெட்டாதீங்க. நிமித்திடலாம்."

"பைத்தியமா உனக்கு? இது உன்மேல விழுந்திருந்தா?"

"விழலையே. ஒரு பக்கத்து வேர் இன்னும் மண்ணுலதான் இருக்கு, வந்து பாருங்க."

அவள் குரல் வழக்கம் போல இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. செட்டிக்காரர் வேரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அவள் சொல்வது சரி, பதியன் மரத்துக்கு ஆணிவேர் கிடையாது, அதனால்தான் சாய்ந்தது, அதனாலேயே தூக்கி நிறுத்தவும் முடியும் என்று மலாயில் சொன்னார். இரண்டு பேருக்கு எதிராக நான் ஒருவன். பாராங்கைக் கிளை கழிக்கப் பயன்படுத்தினோம்.

பூவிருந்த கிளைகள் பாதிக்கு மேல் போயின. அவள் வெளியே நின்ற வேர்களில் ஈரச் சாக்கைப் போர்த்தினாள். நைந்த வேர்களைச் சீராக நறுக்கினாள். நான் குழியை அகலமாக்கினேன். தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அடிமரத்தில் சாக்கைச் சுற்றி, அதன்மேல் கயிறு கட்டி, செட்டி வீட்டுத் தென்னையில் ஒரு சுற்றுப் போட்டு, எல்லாரும் இழுத்தோம். கயிற்றின் கடைசி முனை என் கையில். "பெலான், பெலான்," மெல்ல மெல்ல என்று செட்டிக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மரம் முனகியபடி எழுந்தது. அது படுத்திருந்த இடத்தில், சேற்றில், அடிமரத்தின் அச்சு நீளமாகப் பதிந்து கிடந்தது. அந்த அச்சுக்குள் அவளுடைய கட்டைச் செருப்பு ஒன்று இருந்தது. நடுவில் இரண்டாகப் பிளந்து, மண்ணோடு மண்ணாக அழுந்தி.

நான் அதையே பார்த்தேன். பிறகு அவள் காலைப் பார்த்தேன். காலையிலிருந்து வெறுங்காலோடுதான் நடந்துகொண்டிருந்தாள்.

"தாலி! தாலி!"

செட்டிக்காரர் கத்தினார். மலாயில் தாலி என்றால் கயிறு. நாள் முழுக்க நானும் பேசுகிற சொல். அந்த நேரத்தில் என் காதில் அது தமிழாக விழுந்தது. பிடி விட்டுப்போனது. கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. மரம் திரும்பச் சாயத் தொடங்கியது. மற்றவர்கள் பாய்ந்து பிடித்துத் தென்னையில் முடிந்தார்கள்.

மூங்கில் முட்டுக் கொடுத்து, பழைய பஸ் டியூபைக் கிழித்துக் கட்டி, மண்ணை மிதித்து முடித்தோம். எல்லாரும் போன பிறகு கேட்டேன்.

"நீ இங்கதானே இருந்த?"

அவள் கிணற்றுத் திண்டில் உட்கார்ந்தாள். "துவச்சிக்கிட்டே இருந்தேன். மேல நிழல் மாதிரி ஏதோ வந்துச்சு. காலை எடுத்தேன், கட்டை சேத்துல மாட்டிக்கிச்சு, அப்படியே விட்டுட்டு ஓடினேன். முதுகுல கிளை அடிச்சிச்சு. எப்படி வேலியைத் தாண்டினேன்னு தெரியல."

"நான் கூப்பிட்டேனே."

"கேட்டுச்சு. வாய் வரலைங்க. அந்தம்மா தண்ணி குடுத்து, தொடச்சி விட்டாங்க, அதுக்கப்புறம்தான் குரலே வந்துச்சு."

"அப்புறம் ஏன் மாத்திச் சொன்ன?"

"உங்க மூஞ்சியப் பாத்தேன்," என்றாள். மரத்தைக் காட்டி, "சொல்லியிருந்தா இந்த மரம் இப்ப இருக்காது," என்றாள்.

ரவிக்கையை விலக்கி முதுகைக் காட்டினாள். தோளிலிருந்து இடுப்பு வரை கன்றிச் சிவந்திருந்தது. அந்த முதுகோடுதான் குனிந்து வேர் நறுக்கியிருக்கிறாள். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. திரும்பத் திரும்ப அந்தச் செருப்பு பிளந்து கிடந்ததுதான் கண்ணில் நின்றது. அன்று மதியம் என்னால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது என்று ஆளிடம் சொல்லி அனுப்பினேன். உள்ளங்கை உரிந்ததைக் காரணமாகச் சொன்னேன்.

மரம் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நின்றது. செத்துவிட்டது என்றே நான் நினைத்தேன். நிம்மதியாகக் கூட இருந்தது. அவள் தினமும் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாள். ஒருநாள் அடிமரத்தின் பக்கத்தில் சிவப்பாக ஒரு துளிர் வந்தது. நான் வேலை விட்டு வருவதற்குள் செட்டியம்மாவைக் கூட்டி வந்து காட்டிவிட்டாள்.

துவைக்கிற கல்லைக் கிணற்றின் மறுபக்கத்துக்கு மாற்றினேன். அவள் சிரித்தாளே தவிர வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு கடல் பக்கம் கறுத்தால் அவளைக் கிணற்றடியிலிருந்து உள்ளே கூப்பிட்டுவிடுவேன். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது வானம் இருண்டால், வீடு திரும்பியதும் முதலில் கிணற்றடிக்குப் போய் அவளைக் கண்ணால் பார்ப்பேன்.

அடுத்த வருஷம் காய்த்தது. புளிப்பு. சதை கொட்டையை விட்டு வராமல் ஒட்டிக்கொண்டது. செட்டி வீட்டுக்கு ஒரு தட்டு அனுப்பினோம். செட்டிக்காரர் ஒன்றைத் தின்றுவிட்டு, மரத்தை நிமிர்த்தியது வீண் என்று சிரித்தாராம். அவளோ மரத்தடியில் உட்கார்ந்து, முட்டியில் மங்குப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக உரித்துத் தின்றாள்.

"வாங்க, வந்து உக்காருங்க," என்று கூப்பிட்டாள்.

நான் பின்வாசல் படியிலேயே நின்றேன். இலை அசையாத நாள் அது. இருந்தும், "நீ எழுந்து இங்க வா," என்றேன்.