நைனா குப்புறக் கிடந்த படம்

ராயபுரம் கடற்கரையில் மணல் இருந்த காலத்தில் அங்கே ஒரு துப்பறியும் படம் எடுத்தார்கள். கறுப்பு வெள்ளை. மீன் பெட்டியில் ஐஸுக்கு அடியில் தங்கம் கடத்துவார்கள். அதைப் பார்த்துவிட்ட கூலிக்காரனைக் கொன்றுவிடுவார்கள். தொப்பி போட்ட துப்பறிவாளர் வந்து கண்டுபிடிப்பார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சிலரை நடிக்கக் கூட்டிப்போனார்கள். என் நைனாவும் போனார். படம் வந்த மறு வருடம் கிரேனிலிருந்து சரக்கு விழுந்து செத்துப்போனார். எனக்கு ஒன்றரை வயது. இருந்த ஒரே போட்டோவும் பிறகு குடிசையோடு எரிந்துவிட்டது.

ஆறாவது படிக்கும்போது மாமன் என்னைத் தண்டையார்ப்பேட்டையில் ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அந்தப் படம்தான். மீன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் சிரித்தபடி நடந்துபோனான். "அதோ பாரு, உங்க நைனா" என்றார் மாமன்.

அந்த வருடமே படிப்பு நின்றது. லாரி கிளீனர், கல் குவாரி, உப்பளம் என்று ஊர் ஊராகப் போனேன். அந்தப் படம் எங்கே ஓடினாலும் போய் உட்கார்ந்தேன். பெட்டிக்காரன் வரும்போது எங்க நைனா என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வேன். அவனைப் போலவே மீசை வைத்துக்கொண்டேன்.

கடைசியாக வீட்டுக்கு வந்து ஐந்து வருடம் கழித்து, போன மாதம்தான் அம்மா இருக்கும் காலடிப்பேட்டைக்கு வந்தேன். அம்மா படுத்த படுக்கையாக இருந்தாள். பார்வை மட்டும் நன்றாக இருந்தது. செல்போனில் யாரோ ஏற்றிவைத்திருந்த படத்தை எடுத்து, சிரிக்கிற இடத்தில் நிறுத்தி அவளிடம் காட்டினேன். இன்னொரு முறையாவது அவர் முகத்தை அவள் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

"யாருடா இவன்?" என்றாள்.

நைனா என்றேன். மாமன் காட்டியதைச் சொன்னேன். அம்மா படத்தை ஓடவிடச் சொன்னாள். இருட்டில் கொலை முடிந்து, மணலில் பிணம் குப்புறக் கிடக்கும் இடம் வந்தது. கெண்டைக்கால் மேல் ஒரு சின்ன நண்டு ஏறி இறங்கியது.

"இதான்டா உங்க நைனா. நண்டு ஏறிச்சு, நான் அசையவேயில்லன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சாரு."

மாமன் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டேன்.

"அப்பன் இல்லாத புள்ளைக்குப் பொணத்த காட்டி, இதான் உன் நைனான்னு சொல்ல அவனுக்கு மனசு வரல போல."

துப்பறிவாளர் வந்து பிணத்தைப் புரட்டினார். அவர் தொப்பி குறுக்கே வந்தது. பிணத்தின் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். அடுத்த காட்சி வந்துவிட்டது. அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். முகம் தெரியவில்லை. இத்தனை வருடம் நான் பார்த்துக்கொண்டிருந்தது யாரோ ஒருவனை.

நைனா எப்படி இருப்பார் என்று அம்மாவிடம் கேட்டேன். கண்ணை மூடி யோசித்தாள்.

"பெட்டி தூக்குறவன் அவுரு இல்லன்னு தெரியுது. ஆனா அவுரு மூஞ்சி வரமாட்டேங்குதுடா. உன் மூஞ்சிய பாத்து பாத்துதான் ஞாபகம் வச்சிகினு இருந்தேன். நீயும் ஊர் ஊரா பூட்ட."

நண்டு வருகிற இடத்தை இன்னொரு வாட்டி போடச் சொன்னாள். போட்டேன்.