கண்ணையா நீவிய கை

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் பட்டறையில் கண்ணையா ஃபிட்டர். இறுகிப்போன எந்த போல்ட்டையும் கழற்றிவிடுவார் என்று பெயர். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன ஆடியில் அவர் மனைவி ராமாமணி மொபெட்டிலிருந்து விழுந்ததில் இடது முழங்கை மூட்டு நழுவிவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் இல்லை. மூட்டைச் சரிசெய்து மாவுக்கட்டுப் போட்டார்கள். மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது கையை நீட்ட முடியவில்லை.

"தானா அசைச்சுப் பழகோணும். யாரும் புடிச்சு இழுக்காதீங்க" என்று சொல்லித்தான் டாக்டரம்மா அனுப்பினார்.

கண்ணையாவுக்குப் பொறுமை இல்லை. தினமும் காலையில் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றி, அழுத்தி நீவி, கையை நீட்டி இழுத்தார்.

"ஏனுங்க, உசுரு போகுதுங்க. உடுங்க."

"வேலைக்குச் சோம்பல்பட்டுட்டு நடிக்காத, அம்மணி."

அலறல் கேட்டு எட்டிப்பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதையே சொல்லிச் சிரித்தார்.

ஒரு மாதத்தில் முழங்கைக்கு மேலே கல் மாதிரி ஒரு கட்டி. புற்றுநோயோ என்று ராமாமணி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மறுபடி எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, சி.டி. ஸ்கேன். பழைய படத்தில் ஒன்றுமில்லாத சதைக்குள் இப்போது வெள்ளையாக ஒரு திட்டு.

"இது எலும்புங்க" என்றார் டாக்டரம்மா. "சதைக்குள்ள வளந்திருக்குது. ஓரம் கெட்டியா, நடுவு மெதுவா இருக்குது பாருங்க. கேன்சர் இப்படி இருக்காது, பயப்படாதீங்க. அடிபட்ட சதைய அழுத்தி நீவுனா இது அதிகமாகும். யாருங்க நீவுனது?"

கண்ணையா தரையைப் பார்த்தார்.

"நானேதானுங்க. தெரியாமத் தேச்சுப்போட்டேன்" என்றாள் ராமாமணி.

டாக்டரம்மா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு மருந்துச் சீட்டை எழுதினார்.

வராண்டா வரை வந்த கண்ணையாவால் அதற்குமேல் நடக்க முடியவில்லை. காது மடலெல்லாம் எரிந்தது. திரும்பிப் போனார். உள்ளே அடுத்த நோயாளி உட்கார்ந்திருந்தார்.

"நான்தானுங்க இழுத்தேன். அவ அழுதா. நடிக்கறான்னு சொல்லிப்போட்டேன்."

"இனித் தொடாதீங்க" என்றார் டாக்டரம்மா. "அந்த எலும்பு முத்தட்டும். இப்பவே எடுத்தா மறுபடி வளரும். அப்பறம் பாக்கலாம்."

எட்டு மாதம் கழித்து அறுவை செய்து அந்த எலும்பை எடுத்தார்கள். கை முக்கால்வாசி நீள்கிறது, அவ்வளவுதான்.

ராமாமணி எந்தச் சண்டையிலும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. முந்தாநாள் அவள் கொடியில் துணி போட அந்தக் கையைத் தூக்கியபோது, கண்ணையா தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.