ஜெபச் சீட்டில் நான் எழுதிய பெயர்

சகோதர சகோதரிகளே, இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். சாட்சியைச் சாந்தமாகச் சொல்ல வேண்டும் என்று உபதேசியார் சொன்னார். எனக்கு அது வராது. ஆறு வருஷம் நம் சபை முழங்கால் போட்டு ஒரு காரியத்துக்காக ஜெபித்தது. ஆறு வருஷமும் தப்பான ஆளுக்காக ஜெபித்தது. தப்பான பெயரை எழுதிக் கொடுத்தவன் நான்.

என் பெயர் தேவநேசன். திண்டிவனத்தில் வேர்க்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்குகிறேன். ஆள் உயர அடுக்கின் மேல் ஒற்றை ஆளாக மூட்டையை ஏற்றுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு. 1953இல் எனக்குக் கல்யாணம். மனைவி சலோமி விழுப்புரத்துப் பெண். அவள் அப்பா ஜங்ஷனில் போர்ட்டர். முதல் இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தோம். குழந்தை பிறக்கவில்லை, அதற்காகக் கவலைப்படவும் இல்லை.

மூன்றாம் வருஷம் என் உடம்பு என்னைக் கைவிட்டது. பூசி மெழுகாமல் சொல்கிறேன். மனைவியோடு சேர ஆசை இருந்தது, உறுப்பு விறைக்கவில்லை. முதல் நாள், மூட்டை தூக்கிய அசதி என்று நினைத்தேன். வாரம் போயிற்று, மாதம் போயிற்று. பிறகு பயத்திலேயே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பழகினேன். சலோமி ஒரு நாளும் குத்திப் பேசவில்லை. நான்தான் எரிந்து விழுந்தேன். குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தூக்கி எறிந்தேன். குழம்பில் உப்பு இருந்தது.

நம் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு ஜெபச் சீட்டுப் பை வைப்பது உங்களுக்குத் தெரியும். என் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. "டேய், சலோமி வயிறு தொறக்கணும்னு ஒரு சீட்டு எழுதிப் போடுடா" என்றாள். எழுதினேன். என் கையால் எழுதினேன்! 'சகோதரி சலோமியின் கர்ப்பம் திறக்க.' உபதேசியார் அதை வாசிப்பார். சலோமி எழுந்து முன்னால் போய் முழங்காலில் நிற்பாள். பெண்கள் அவள் தலைமேல் கை வைத்து அழுது ஜெபிப்பார்கள். நான் ஆண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டு உரக்க ஆமென் சொல்வேன். மாதா மாதம், ஆறு வருஷம்.

ஆமென் சொன்ன அதே வாய்தான் லேகியமும் தின்றது. விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் மாதம் ஒரு முறை ஒரு பரம்பரை வைத்தியன் வந்து தங்குவான். மாமனார் கண்ணில் படாமல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போவேன். அவன் என் முகத்தைப் பார்த்தே சொன்னான்: "சின்ன வயசுல கையால கெடுத்துக்கினே. நரம்பு செத்துப் போச்சு." பச்சைப் பொய்! ஆனால் அந்தப் பொய் என்னைப் பல வருஷம் நடுங்க வைத்தது. வெல்லப்பாகில் கிண்டிய லேகியத்தைக் காலையும் மாலையும் தின்று, மேலே பனங்கற்கண்டுப் பால் குடிக்கச் சொன்னான். குடித்தேன்.

தாகம் அதிகமானது. ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்தேன். உடம்பு இளைத்தது. மில்லுக்குப் பின்னால் நான் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்தது. கூட வேலை செய்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா தேவநேசா, வெல்ல மண்டிய முழுங்கிட்டு வந்தியா?" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். முட்டாள்.

1961இல் அம்மா முடிவாகச் சொன்னாள். "ஈஸ்டர் வரைக்கும் பாக்கலாம். இல்லன்னா அவள விழுப்புரத்துக்கே கொண்டுபோய் வுட்டுட்டு வந்துடு." சலோமி அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினேன்.

அடுத்த முதல் ஞாயிறு, அவள் தலைமேல் கை வைத்த ஒரு மூத்த சகோதரி எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னா பாவத்த மறைச்சிக்கினு இருக்கே? வாய வுட்டுச் சொல்லிடும்மா. ஆண்டவர் மன்னிப்பாரு" என்றார். சலோமி எழுந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், உச்சி வெயிலில், அவள் நின்றாள்.

"ஏங்க, நான் மறைச்சிக்கினு இருக்கிறது உங்களத்தான். ஆறு வருஷம் மறைச்சிட்டேன். இனிமே என்னால ஆவாது."

"நடு ரோட்டுல இன்னா பேச்சு பேசுற?" என்று கையை ஓங்கினேன். அவள் நகரவில்லை.

"அடிங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. நோயாளி பேர வுட்டுட்டு வேற பேர எழுதிக் குடுத்தா, ஆண்டவர் யாருக்குத்தான் மருந்து குடுப்பாரு?"

என் கை தானாகக் கீழே இறங்கியது. அவளை அங்கேயே விட்டுவிட்டு மில்லுக்கு நடந்தேன். ஞாயிறு ஆனதால் யாரும் இல்லை. மல்லாட்டைத் தோல் குவியல் மேல் உட்கார்ந்து ஆண்டவரோடு சண்டை போட்டேன். "உமக்குத் தெரியுமே! ஏன் சும்மா இருந்தீர்?" என்று கத்தினேன். கத்தி ஓய்ந்த பிறகு அழுகை வந்தது. "நோயாளி நான்தான், ஆண்டவரே. என் வெட்கத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு வழி காட்டும்." ஆறு வருஷத்தில் நான் செய்த முதல் உண்மையான ஜெபம் அது.

அடுத்த மாதம் பையில் வேறு சீட்டைப் போட்டேன். உபதேசியார் பிரித்து வாசித்தார்: "சகோதரன் தேவநேசனின் உடம்பில் இருக்கும் நோய்க்காக." நிறுத்தி மறுபடியும் வாசித்தார். பழக்கத்தில் பாதி எழுந்துவிட்ட சலோமி மெல்ல உட்கார்ந்தாள். நான் எழுந்து முன்னால் போனேன்.

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது ஒருவர் என் தோளைத் தொட்டார். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருப்பவர். ஆறு வருஷமாக எனக்கு முன்பெஞ்சில் உட்காருகிறவர்.

"இன்னாய்யா நோய்?"

ஓரமாக நின்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாகம் எடுக்கிறதா, எறும்பு வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவி, இத்தன வருஷமா என் முதுகுக்குப் பின்னாடியே குந்திக்கினு இருந்தியே! நாளைக்கு ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு வா. வூட்டுக்காரியையும் கூட்டிக்கினு வா."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என் சிறுநீரை நாலைந்து சொட்டு விட்டு, நெருப்பில் காட்டினார்கள். நீலம் மாறிச் செங்கல் நிறம் ஆனது. டாக்டர் சொன்னார்: "சர்க்கரை வியாதி. ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுத்து வெச்சிருக்கு. இதுக்கும் ஆம்பளத்தனத்துக்கும் சம்பந்தம் இல்லப்பா. ஒரு நாள் ரெண்டு நாள் அசதியில இப்படி ஆனா பயப்படாதே. வாரக்கணக்கா நீடிச்சா வந்து காட்டணும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு எதுவா இருந்தாலும் சில பேருக்கு இதுதான் முதல் அடையாளம். சில பேருக்கு வெறும் மனக் கவலை. அதுக்கும் வைத்தியம் உண்டு." லேகியத்தை அங்கேயே கொட்டச் சொன்னார். பீடியையும் விடச் சொன்னார்.

தினமும் போடச் சொன்ன இன்சுலின் ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்து எனக்குக் குத்த சலோமி கற்றுக்கொண்டாள். மாதங்கள் பிடித்தன. ஈஸ்டரும் வந்து போயிற்று; சலோமியை விழுப்புரத்துக்கு அனுப்பும் பேச்சை அம்மா மறுபடி எடுக்கவில்லை. எல்லாம் பழையபடி முழுசாகத் திரும்பியது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெருமளவு திரும்பியது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பது நின்றது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே மன்னிக்கவில்லை, அது நியாயம்தான். அந்த மூத்த சகோதரி இன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

1963இல் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஞானஸ்நானத்தன்று அம்மா யாரையோ பிடித்து ஒரு ஸ்தோத்திரச் சீட்டு எழுதிப் போட்டிருந்தாள். உபதேசியார் வாசித்தார்: "சகோதரி சலோமியின் கர்ப்பத்தைத் திறந்ததற்காக..."

"நிறுத்துங்க ஐயா" என்று எழுந்துவிட்டேன். "அது என்னிக்குமே மூடி இல்ல. என் நோயத் தீர்த்ததுக்காகன்னு திருத்திப் படிங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சலோமி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நேராக என்னைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள் என்னை மன்னித்தாள் என்று நினைக்கிறேன். உபதேசியார் திருத்திப் படித்தார்.

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அவர் தாமதிக்கவில்லை, நான்தான் தாமதித்தேன். சகோதரரே, உங்களில் யாராவது என்னைப் போலச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தால், ஜெபியுங்கள், ஜெபித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடங்கள். லாட்ஜுக்குப் போகாதீர்கள். மனைவியிடம் மறைக்காதீர்கள். அடுத்த முதல் ஞாயிறு சீட்டு எழுத உட்காரும்போது, யாருடைய பெயரை எழுதுகிறீர்கள் என்று ஒரு முறை பாருங்கள்.