ஒன்பதாம் கட்டிலுக்குப் போட்ட ஊசி

மருந்து இருக்கும் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை ஒடிக்கும்போது டக்கென்று ஒரு சின்னச் சத்தம் வரும். இருபது வருடமாகக் கேட்கிற சத்தம்தான். ஆனாலும் எங்கள் குழந்தைகள் வார்டில் யார் ஒடித்தாலும் நான் போய்க் குழந்தையின் கையில் கட்டியிருக்கும் பெயர்ப் பட்டையைத் திருப்பிப் பார்த்துவிடுவேன். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள், "இன்சார்ஜ் சிஸ்டருக்கு யார் மேலயும் நம்பிக்கை கெடையாதுடி" என்று முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நம்பிக்கை இல்லாதது என் மேல்தான் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். வார்டில் ஒரு அம்மா இருந்தாள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கிய மூன்று வயது மகனை ஆறாம் கட்டிலில் சேர்த்திருந்தாள். ஊசியோடு போனால் போதும், எழுந்து நின்றுவிடுவாள். "இது என்னா மருந்து சிஸ்டர்? எம்புள்ளைக்குத்தானா? பேர் பாத்தீங்களா?" லேபிளைப் பார்க்காமல் ஒரு டப்பாவை மூடினால் கம்பெனியில் லைனையே நிறுத்திவிடுவார்களாம், அந்தப் பழக்கம் என்று சிரிப்பாள். அப்போது எங்கள் வார்டில் பெயர்ப் பட்டையெல்லாம் கிடையாது, கட்டில் நம்பர்தான் கணக்கு. வார்டு முழுக்க இரண்டே பேர் ஓடிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் காலையில் எனக்குப் பொறுக்கவில்லை. "நீயே ஊசி போட்டுக்கிறியா? நான் வூட்டுக்குப் போறேன். டப்பாவுக்கு லேபிள் ஒட்டுறதும் இதுவும் ஒண்ணா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவள் முகம் சுருங்கிப்போனது. "மன்னிச்சிக்கோங்க சிஸ்டர்" என்று உட்கார்ந்துவிட்டாள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு ஏதோ ஜெயித்த மாதிரி இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

கத்திரி வெயில் நேரம். அன்று மத்தியானம் ஒன்பதாம் கட்டிலுக்கு மேலே ஃபேன் ஓடவில்லை. அங்கே வலிப்பு வந்து சேர்த்திருந்த குழந்தை வேர்த்து விறுவிறுத்து அழுதுகொண்டே இருந்திருக்கிறது. நான் திட்டிய அந்த ஆறாம் கட்டில் அம்மாவே போய், "நீங்க எங்க கட்டிலுக்கு வந்துடுங்கக்கா, எம்புள்ளைக்குக் காத்து ஆவாது" என்று இடத்தை மாற்றிக் கொடுத்துவிட்டாள். குழந்தைகள் வார்டில் அம்மாக்கள் இப்படித்தான். வெந்நீரையும் இட்லியையும் போலக் கட்டிலையும் பங்கு போட்டுக்கொள்வார்கள்; எங்களிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றாது. சாயங்காலம் ஒன்பதாம் கட்டிலுக்கான வலிப்பு மருந்தை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலருகிலேயே குப்பியை ஒடித்தேன். பையன் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தான். யாரோ எழுந்து நின்றார்கள், புடவைத் தலைப்பு மட்டும் கண்ணில் பட்டது. கேள்வி எதுவும் வரவில்லை. அதனால் நிமிர்ந்து பார்க்கவும் தோன்றவில்லை. கையில் ஏற்கெனவே குத்தி வைத்திருந்த குழாய் வழியாக மருந்தை ஏற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஓடிவந்தாள். "சிஸ்டர், புள்ள எழுப்புனா எந்திரிக்கல. மூச்சு மெதுவா வுடறான்." அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான், ஒன்பதாம் கட்டிலில் படுத்திருந்தது ஆறாம் கட்டில் பையன் என்று எனக்கு விளங்கியது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! டாக்டரிடம் ஓடி, எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்லிவிட்டேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. ஆக்சிஜன் வைத்தார்கள். ஒவ்வொரு மூச்சாக நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பையன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான். அப்போதுதான் அவள் மெதுவாகச் சொன்னாள்: "தெனம் பவுடர்ல தண்ணி வுட்டுக் கலக்கித்தான் போடுவீங்க. இன்னிக்கி கண்ணாடிய ஒடச்சீங்க. வேற மருந்தாச்சேன்னு பாத்தேன் சிஸ்டர். கேட்டா திட்டுவீங்கன்னு வாய மூடிக்கிட்டேன்."

விசாரணை நடந்தது. பெயரைச் சரிபார்க்கவில்லை என்று படிவத்தில் எழுதினேன். தாய்மார்கள் சொல்லாமல் கட்டிலை மாற்றிக்கொண்டார்கள் என்றும் எழுதினேன். இரண்டும் நிஜம். காலையில் நான் கத்தியதை மட்டும் எழுதவில்லை. அதற்கெல்லாம் படிவத்தில் இடமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு பெயர்ப் பட்டை வந்தது, ஊசிக்கு முன் இரண்டு பேர் சரிபார்க்கும் வழக்கம் வந்தது, 'தயங்காமல் கேளுங்கள்' என்று சுவரில் எழுதினோம். யார் சுவரைப் பார்க்கிறார்கள்? கேட்கலாமா வேண்டாமா என்று எங்கள் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு குழந்தையின் அம்மாவிடம், "என்ன மருந்துன்னு கேளும்மா" என்று நானே கெஞ்சினேன். "உங்களுக்குத் தெரியாததா சிஸ்டர்" என்று சிரித்துவிட்டாள். ரெட்டியார்பாளையம் வீடு போய்ச் சேரும்வரை ஸ்கூட்டரில் அதுதான் மனதைக் குடைந்துகொண்டிருந்தது.

அந்தப் பையனை வீட்டுக்கு அனுப்பிய அன்று, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "கட்டில மாத்துனது நான்தானே சிஸ்டர், தப்பு எம்மேலதான். இனிமே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எதையும் கேக்க மாட்டேன்."

பக்கத்தில் பெரிய டாக்டர் நின்றுகொண்டிருந்தார். "சரிம்மா, பாத்துப் போ" என்று அனுப்பிவிட்டேன்.