ஐந்தருவி உழவாரனும் வளைந்த சிறகுகளும்

கல்லூரி நாள்களில் நானும் ஷாகுலும் ஒரே ஃபிலிம் கேமராவைத் தோள் மாற்றிச் சுமந்துகொண்டு குற்றாலம் போவோம். ஐந்தருவியின் பாறையை உரசிப் பறக்கும் பெரிய உழவாரன் குருவி எந்த வகை என்பதில் அன்றே எங்களுக்குள் வழக்கு. சிறகு அரிவாளைப் போல் ஒரே வளைவு, ஆகவே மலை உழவாரன் என்பான் அவன். அடியில் ஒடுங்கி நடுவில் அகன்றது, ஆகவே முள்வால் உழவாரன் என்பேன் நான். கழுவி வந்த படங்களில் கறுப்புக் கீறல்களே இருந்தன. பிறகு அவன் கடையநல்லூர்க்காரர்கள் பலரையும்போல் துபாய்க்குப் போனான். வழக்கு கடிதங்களில் தொடர்ந்தது. சென்ற ஜூலையில் விடுப்பில் வந்திருந்தான். ஞாயிறன்று விமானம். அதற்குள் தீர்த்துவிடுவதென்று சனிக்கிழமை தென்காசியில் சந்தித்தோம்.

இதற்காகவே நான் புதிய கேமரா பாடி, அதாவது லென்ஸ் இல்லாத உடல் மட்டும், ஒன்று வாங்கியிருந்தேன். விநாடிக்கு முப்பது படங்கள் என்றார் சென்னைக் கடைக்காரர். எதிர்க்கடையின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்தும் காட்டினார். பெயர்ப்பலகை பறப்பதில்லை என்பதை நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு ஆட்டோ பிடித்தோம், முந்நூறு ரூபாய்.

"குளிக்க விடமாட்டாங்க அண்ணாச்சி, தண்ணி கூடுதலா விழுது" என்றார் ஓட்டுநர்.

"குளிக்க வரல, குருவி பாக்கப் போறோம்" என்றான் ஷாகுல்.

"எங்க வீட்டு ஓட்டு மோட்டுக்குள்ளயே குருவி கெடக்கே, இம்புட்டு தூரம் எதுக்கு?"

சாரல் சற்று விட்டதும் உழவாரன்கள் வந்தன. நூற்றுக்கணக்கில் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு படத்தில் சிறகு அரிவாள், அடுத்ததில் அகப்பை. மின்னணு ஷட்டர் காட்சியை வரிவரியாகப் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் சிறகு இடம் மாறிவிடுகிறது. இயந்திர ஷட்டருக்கு மாற்றினால் முப்பது ஐந்தாகச் சுருங்கியது. குருவி சட்டகத்திலேயே சிக்கவில்லை. பின்னர் கடைக்கு எழுதினேன். 'பறவை அளவுக்கு மீறி வேகமாகப் பறந்திருக்கலாம்' என்று பதில் வந்தது. குற்றம் குருவியுடையது.

ஷாகுல் துண்டுக்குள்ளிருந்து பழைய, கனத்த டி.எஸ்.எல்.ஆர். பாடி ஒன்றை எடுத்தான். துபாயில் பழையதாக வாங்கியதாம். இணைப்பு வளையத்தைக் கழற்றியதும் என் பழைய லென்ஸ் அதில் பொருந்தியது. பேட்டரியிலோ கடைசிக் கோடு மினுங்கியது.

"சார்ஜர் எங்கலே?"

"அத ஏன் கேக்க? மச்சானுக்கு செண்டு, மாமிக்குப் பால்மாவு, ஏர்போர்ட்ல கிலோ கூடிப்போச்சு. கேமரா அட்டப்பெட்டியத் தூக்கிப் போட்டுட்டேன். சார்ஜர் அதுக்குள்ள இருந்திருக்கு."

ஆகவே ஃபிலிம் காலத்தைப் போல, விரலை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம். இத்தனை ஆண்டுகளில் நான் இழந்திருந்தது இந்தக் காத்திருப்பைத்தான் என்று அப்போது தோன்றியது. அவன் என் காதருகே முணுமுணுத்தான்: "வருது... அமுக்காத... அமுக்காத... அமுக்குலே!"

அமுக்கினேன். திரையில் ஒரு குருவி, நனைந்த கரும்பாறைக்கு முன்னால், சிறகு கூர்மையாக. சுத்தமான அரிவாள். பேட்டரி அணைந்தது.

"தோத்தியா?"

"தோத்தேன்."

பறக்கும் பறவைகளுக்காக பாடி வாங்கப் போகிறவர்களுக்கு: விநாடிக்கு எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள், இயந்திர ஷட்டரில் எத்தனை என்று கேளுங்கள். கடையின் மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டு மின்னணு ஷட்டரில் எடுத்துப் பாருங்கள். இறக்கை வளைந்தால் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள். குற்றாலத்தில் ஜூலையில் கேமராவுக்கு மழையுறை கட்டாயம்.

திரும்பும் ஆட்டோவில் பழைய பாடியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். இனிக் கடிதத்தில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய குற்றாலச் சாலை தாண்டியதும் ஷாகுல் என்னை இடித்தான்.

"சரிலே, அது ஆணா பொட்டையா? நான் ஆணுங்கேன்."

உழவாரனில் இரண்டும் ஒரே தோற்றம். எந்தக் கேமராவும் அதைப் பிரித்துக் காட்டாது.

பெட்டை என்றேன்.