பொழுது சாயும்முன் ஏற்றிய விளக்கு

"யூதருங்களா? மூஸா நபியோட ஆளுங்களாச்சே! அவங்களுக்கு ஓசூர்ல என்னங்க வேலை?" ஜூஜுவாடியில் துணிக்கடை வைத்திருக்கும் பாய், நாங்கள் நீட்டிய அழைப்பிதழைக் கையில் பிடித்தபடி கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. நியாயமான கேள்விதான், எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு. எங்கள் தொழிற்பேட்டை முதலாளி ஒருவர் பழைய தொழிற்கூடத்துக்கு வெள்ளையடித்து அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார். கொச்சிக்குப் போன இடத்தில் யூதர்களின் கோயிலைப் பார்த்துச் சொக்கிப்போனவர், அவர்களுடைய கலை, பண்பாட்டுக்கென்று இங்கேயும் ஒரு பிரிவு தொடங்க நினைத்தார். அதை நடத்தக் கொச்சியிலிருந்தே வந்தவர்தான் மேடம். நான் அவருடைய உதவியாளர். அதுவரை நான் ஒரு யூதரைக்கூடப் பார்த்ததில்லை. பைபிளில் வருகிற ஆட்கள் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு எனக்கெதிரே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார்கள் என்று யார் கண்டது!

மேடத்துக்குக் கேள்வி என்றால் அவ்வளவு இஷ்டம். போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனி வாசலில் அழைப்பிதழ் கொடுத்தபோது, பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "உங்க கல்யாணத்துல தாலி உண்டாங்க்கா?" என்றாள் ஒருத்தி. "எங்க கொச்சியில உண்டு. பாட்டும் உண்டு, பொம்பளைங்கதான் பாடுவோம்," என்று மேடம் அங்கேயே மலையாளத்தில் நாலு வரி பாடிக் காட்டினார். பஸ் ஹாரன் அடித்தும் ஒருத்தியும் ஏறவில்லை. பாய் கடையிலும் அப்படித்தான். "எங்களுக்கு வியாழன் சாயங்காலமே வெள்ளி பொறந்துடும்," என்றார் பாய். "எங்களுக்கும் பொழுது சாயறதுதான் கணக்கு. வெள்ளி சாயங்காலம் ஓய்வுநாள் பொறக்கும்," என்றார் மேடம். பிறகு இருவரும் ஊர்ப்பட்ட கதை பேசினார்கள். நான் மூன்று டீ குடித்தேன்.

கண்காட்சியின் நடுவே தொங்கவிட மேடம் தன் அம்மாவின் தூக்கு விளக்கைக் கொண்டுவந்திருந்தார். வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் அதில் தேங்காயெண்ணெய் விட்டுத் திரி போட்டு ஏற்றுவது அவர்கள் வீட்டு வழக்கம். உறவினர் எல்லோரும் இஸ்ரேலுக்குப் போய்விட, அம்மாவும் இறந்தபின் விளக்கு ஏற்றாமலே கிடந்திருக்கிறது. "ஒத்தைக்கு நின்னு ஏத்த மனசு வரலை மோளே. தொறப்பு விழாவுல நாலு பேரோட நின்னு ஏத்தணும். ஆனா பொழுது சாயறதுக்கு முன்னாடி," என்றார். முதலாளியும் வெள்ளிக்கிழமை மாலையையே குறித்தார்.

அன்றைக்கென்று பார்த்து அவர் பெங்களூரிலிருந்து திரும்பும் வழியில் மாட்டிக்கொண்டார். "அத்திப்பள்ளி தாண்டல. நான் வந்துதான் விளக்கு," என்று போனில் உத்தரவு. அந்த மனிதரிடம் மறுத்துப் பேசி வேலையில் நீடித்தவர் எவரும் இல்லை என்பார்கள். மேடம் வாசலுக்கும் விளக்குக்குமாக நடந்தார். வெளியே மஞ்சள் வெயில் சுவரைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. "மேடம், பொழுது சாஞ்சதும் நாங்க தொழுவுற மஃரிப்புக்கு நேரம் வருதுங்க. அப்படீன்னா உங்களுக்கு நேரம் போவுது," என்றார் விழாவுக்கு வந்திருந்த பாய் மெதுவாக. மேடம் என்னைப் பார்த்தார். தீப்பெட்டியைக் கொடுத்தேன். திரிகளை ஏற்றி, இரு கைகளாலும் கண்களை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகை மட்டும் வந்தது.

முதலாளி வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. எரியும் விளக்கைப் பார்த்ததும் முகம் சிவந்தது. "ஏம்மா, அப்படி என்ன அவசரம்?" என்றார். போட்டோக்காரர் சும்மா இருந்தாரா? "ஒண்ணும் பிரச்சனயில்ல சார். ஒரு நிமிசம் அணைச்சுட்டு மறுக்கா நீங்க ஏத்துனா போட்டோ நல்லா வரும்," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். முதலாளி தலையாட்டினார்.

மேடம் விளக்குக்கு அடியில் போய் நின்றுகொண்டார். "பொழுது போயிடுச்சு சார். இனி நாளைக்கு இருட்டற வரைக்கும் நாங்க நெருப்பு ஏத்தவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இது வெறும் கண்காட்சிப் பொருள் இல்ல, எங்கம்மா விளக்கு. வேலைய விட்டு அனுப்பினாலும் சரி, தொட விடமாட்டேன்." இனி இந்தப் பிரிவும் இல்லை, மேடமும் இல்லை என்றே முடிவுகட்டிவிட்டேன்.

முதலாளி சுடரையே அண்ணாந்து பார்த்தார். பிறகு போட்டோக்காரர் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, எரியற விளக்க அணைன்னு உங்க வீட்ல சொல்லுவீங்களா? எங்க ஜவளகிரி வீட்ல அந்த வார்த்தைய எடுத்தாலே எங்கம்மா தொடப்பக்கட்டைய எடுப்பா. மலையேறிடுச்சும்போம், குளிர வைன்னுவோம், அணைன்னு சொன்னதில்ல." மேடத்தைப் பார்த்தார். "நான் இப்ப என்னம்மா பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம் சார். சும்மா கூட நில்லுங்க."

நின்றார்.

மேடம் இப்போது இஸ்ரேலில் தங்கையோடு இருக்கிறார். பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். கூடத்துச் சுவரில் எல்லாப் பிரிவுகளின் திறப்பு விழாப் படங்களும் மாட்டியிருக்கின்றன. எல்லாவற்றிலும் முதலாளி மெழுகுவத்தியோடு விளக்கை நோக்கிக் குனிந்து கேமராவைப் பார்க்கிறார். ஒன்றில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து நிற்கிறார், பின்னால் மேடம் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். "இதுல மட்டும் ஏன் மிஸ் அவரு ஏத்தல?" என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்காத நாளில்லை.

"அவரு வந்தப்போ எரிஞ்சுட்டு இருந்துச்சு," என்பேன்.