அரைப்பேர்க் கரி

1. நன்றியுடன் ஒரு கடிதம்

வெளிநாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தில் நான்கே வரிகள். எங்கள் குகையில் ஆதிமனிதன் மூட்டிய அடுப்பின் கரி என்று நாங்கள் அனுப்பிய மூன்று பைகளும் கிடைத்தன. காலம் கணிப்பதற்கு முன்னால் மரவகை பார்ப்பது தங்கள் வழக்கம். மூன்றிலும் பெரும்பகுதி தேயிலைக் கட்டை. ஒரு பையை மட்டும் ஒப்புக்குக் கணித்துப் பார்த்ததில் முடிவு: நவீனம். கீழே நன்றியும் சொல்லியிருந்தார்கள். படித்தவர்கள்.

அந்தக் கடிதம் வந்தபோது இந்த மலைகளுக்குத் தேயிலை வந்து நூறு வருடத்துக்குச் சற்று அதிகம். ஆக, எங்கள் பைகளை நம்புவதானால், கல்லாயுதம் செதுக்கிய மனிதன் வெள்ளைக்காரனுக்கு முன்பே தேயிலை நட்டு, செடியை நறுக்கிக் கவ்வாத்து வெட்டி, வெட்டிய குச்சிகளை அடுப்பில் வைத்து மான்கறி சுட்டிருக்கிறான். உலக வரலாற்றை இப்படிப் புரட்டிப் போட்ட பெருமையில் பாதிக்கு மேல் எனக்குரியது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. கொஸ்லந்தைக்கு மேலே, மேகம் வேலைக்கு வருவதுபோலக் காலையில் ஏறி மாலையில் இறங்குகிற ஒரு தோட்டம். அதன் ஏழாம் நம்பர் மலையில், தேயிலைக்கு நடுவே, கூரைபோல முன்னால் நீண்ட ஒரு பாறை. கொழுந்து பறிக்கிறவர்கள் மழைக்கு அதன் கீழே ஒதுங்குவார்கள். அதே காரணத்துக்காகத்தான் ஆதிமனிதனும் ஒதுங்கியிருக்கிறான். இருவருக்கும் வேறு இடம் யாரும் தரவில்லை.

அந்தப் பாறையைத் தோட்டத்தை நடத்தும் துரை வெடிவைத்து உடைக்க இருந்தார். தோட்டத்து றோட்டுக்குக் கல் வேண்டும். கொழும்பிலிருந்து வந்த தொல்பொருள் உத்தியோகத்தர் சிவஞானம் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரர், பாறைக்குக் கீழே கிடந்த கல்லாயுதங்களைக் காட்டி மன்றாடினார். துரை சிங்களவர், எங்கள் தமிழை எங்களைவிட உரக்கப் பேசுவார்.

“பழசுன்னு காயிதம் வந்தா கல்லு ஒனக்கு. வரலேன்னா றோட்டுக்கு.”

ஆயிரக்கணக்கான வருடங்கள் இப்படி ஒரு காகிதத்தில் தொங்கின. அந்தக் காகிதம்தான் இப்போது வந்திருந்தது.

2. நகைக்கடைத் தராசு

நான் அப்போது தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். கவிதை எழுதுவேன். அதனால் எந்த வேலையிலும் மனம் நிற்காது என்று பெரிய கிளாக்கருக்குத் தெரியும். அகழாய்வுக்கு ஓர் எழுத்துக்காரன் வேண்டும் என்று கேட்டபோது, யோசிக்காமல் என்னைத் தூக்கிக் கொடுத்தார். தோட்டத்தில் தேவையில்லாத சாமான்களை இரவல் கொடுப்பது வழக்கம்.

முதல் நாள் சிவஞானம் ஐயா விளக்கினார். மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து ஒருவகைக் கரிமத்தை உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கும். செத்த நாளில் வாங்குவது நிற்கும். உள்ளே இருப்பது மெல்ல மெல்லக் குறையும். மிச்சத்தை எண்ணினால், செத்த நாள் தெரியும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூச்சை நிறுத்திய பிறகும் காலத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் மரம்! அன்றே ஒரு கவிதை எழுதினேன். அதற்குப் பதிலாகக் குறிப்பைச் சரியாக எழுதியிருக்கலாம்.

“கையால தொடக் கூடாது. இடுக்கியால எடுக்க வேணும். வெள்ளித்தாளில சுத்த வேணும். எந்தக் கட்டம், எந்த மண்படை, எவ்வளவு ஆழம் எண்டு மேல எழுத வேணும். விளங்குதே தம்பி?”

விளங்கியது. பிறகு அவர் இரண்டு வாரத்துக்குக் கொழும்பு போனார். போகும்போது பஸ் படியில் நின்று ஒரு வார்த்தை சொன்னார்.

“கரி குறைஞ்சு கிடந்தா ஆய்வுக்கூடத்துக்காரர் எடுக்க மாட்டினம். போதுமான அளவு சேத்து வையும்.”

போதுமான அளவு. ஒரு செக்ரோல்காரனிடம் சொல்லக் கூடாத வார்த்தை இது. செக்ரோல் என்பது தோட்டத்தின் வரவுப் பதிவேடு. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம். குறித்த நிறைக்குக் கொழுந்து வந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். அந்தப் பதிவேட்டின் கோடுகளுக்குள் வளர்ந்த எனக்கு, உலகத்தில் எதைச் சேர்க்கச் சொன்னாலும் முதலில் தோன்றுவது நிறைதான். பதுளைக்குப் பஸ் ஏறினேன். கடைத்தெருவில் நகைக்கடை நானாவிடம் (முஸ்லிம் முதலாளியை அப்படித்தான் அழைப்போம்) ஒரு பழைய தராசை இரவல் கேட்டேன்.

“எதத் தம்பி நிறுக்கப் போறீங்க?”

“கரி.”

நானா தராசின் தூசியைத் தட்டி, “தங்கத்துக்குத்தான் ஆளில்ல, கரிக்காவது இருக்கே” என்று எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் அந்தக் காலைக் கூட்டத்தில், தராசை உயர்த்திக் காட்டி அறிவித்தேன். குகையில் தோண்டும் ஒவ்வொருவரும் மாலைக்குள் இத்தனை கிராம் கரி. வந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர்.

வேலையை மேற்பார்க்கும் முத்துவேல் கங்காணி தலையை ஆட்டினார். தோண்டுகிற எட்டுப் பேரும் தலையை ஆட்டினார்கள். உலகத்திலேயே ஆதிமனிதனுக்கு நாளாந்த அளவு நிர்ணயித்த ஒரே நிர்வாகம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் அரைப்பேர். மூன்றாம் நாளிலிருந்து அமோகம். பெரிய பெரிய துண்டுகள், பளபளவென்று, மண் ஒட்டாமல். நான் மகிழ்ந்தேன். பழைய படைக்கு இறங்கிவிட்டோம் என்று குறிப்பும் எழுதினேன். ஒருத்தி மட்டும் தேறவில்லை. லெட்சுமி. அவள் கொண்டுவருவது கடுகுபோல, மிளகுபோல நாலு பொடி. இரண்டு வாரத்தில் அவள் கட்டத்தின் அடிமண்படையில் கரி தென்பட்டதே நான்கு நாள். மற்ற நாட்களில் மண் சுமக்க விட்டு முழுப்பேர் போட்டேன்; அந்த நான்கு நாளும் அரைப்பேர்.

“என்ன லெட்சுமி, மத்தவங்களுக்கெல்லாம் கெடைக்குது. ஒனக்கு மட்டும் கண்ணு தெரியலியா?”

“எங் குழியில இருக்கிறதத்தானுங்க நான் எடுக்க முடியும்.”

அவளுடைய நான்கு பொட்டலங்களையும் ஒரு பால்மா டின்னில் போட்டு அலுமாரியின் அடியில் தள்ளினேன். அழகான மூன்று பைகள் வெளிநாட்டுக்குப் போயின.

3. துரையின் கேள்வி

கடிதத்தை எடுத்துக்கொண்டு சிவஞானம் ஐயா நேரே குகைக்கு வந்தார். துரையும் வந்தார். பாறையில் துளைபோட வேண்டிய இடங்களில் ஏற்கெனவே சுண்ணாம்புக் குறி போட்டிருந்தது. எட்டுப் பேரும் மண்வெட்டியை ஊன்றி நின்றார்கள்.

“அப்ப அந்தக் காலத்து மனுசனும் கவ்வாத்து வெட்டினான்?” என்றார் துரை. “நல்லது. அவனுக்கு செக்ரோல் போட்டது யாரு?”

சிரித்தது அவர் மட்டும்தான். அதிகாரிகளின் நகைச்சுவை எப்போதும் நன்றாகவே இருக்கும். கேட்கிறவர்களுக்கு நேரம்தான் வாய்ப்பதில்லை.

சிவஞானம் ஐயா காகிதத்தை நாலாக மடித்தார். “உந்தச் சனத்தை நம்பினது என்ர பிழை” என்றார். “ஆர் இப்பிடிச் செய்தது? குகைக்குள்ள தேயிலைக் கட்டை எப்பிடி வந்தது?”

கங்காணி ஒளிக்கவில்லை. அவருக்கு ஒளிக்க எதுவும் இருப்பதாகவே தெரியவில்லை.

“நாந்தானுங்க. கரி கொறஞ்சா அரைப்பேருன்னாங்க. அங்க கெடைக்கிறது எலிப் புழுக்கையாட்டம் இருக்கு. புள்ளைங்க பாவம்னு, எங்க வீட்டு அடுப்புல கெடந்ததுல கொஞ்சம் சேத்துவுட்டேன். சீமைக்குப் போறதுன்னு சொன்னதால சாம்பல ஊதி, நல்ல கரியாப் பாத்துத்தான் போட்டேனுங்க.”

கடைசி வாக்கியத்தில் ஒரு பெருமை இருந்தது. ஏற்றுமதிச் சரக்கில் குப்பை கலக்கக் கூடாது என்று நூறு வருடமாக இந்த மலையில் சொல்லிக்கொடுத்த பாடம். அதை அவர் பழுதில்லாமல் செய்திருந்தார்.

“அரைப்பேரோ? ஆர் சொன்னது?” என்றார் சிவஞானம் ஐயா.

யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எட்டுப் பேரும் தத்தம் கால்விரல்களைப் பார்த்தார்கள். அது ஒரு நாகரிகம். அந்த நாகரிகத்தின் நிழலில் நான் எவ்வளவு நேரம் ஒதுங்கி நின்றேன் என்பதை எந்த ஆய்வுக்கூடமும் கணிக்கவில்லை. நல்லதாயிற்று.

“அளவு வச்சது நான்தான் ஐயா” என்றேன் ஒருவழியாக.

அவர் என்னைத் திட்டவில்லை. தராசைக் கையில் எடுத்துப் பார்த்தார். “தம்பி, கவிதை எழுதிறனீர்தானே? கவிதைக்கும் உப்பிடித்தான் நிறுவையோ?” என்றார். திட்டியிருக்கலாம்.

துரை கிளம்பத் திரும்பினார். “சரி, முடிஞ்சது. மழை நிக்கட்டும். வெடிக்காரனுக்குச் சொல்லுறேன்.”

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“ஏங்க, என் டின்னுக் கரிய மட்டும் ஏன் அனுப்பல?”

லெட்சுமி. எல்லோரும் திரும்பினார்கள்.

“ஒன் கரியில கங்காணி எதுவும் சேக்கலியா?” என்று கேட்டேன்.

“சேக்க வந்தாரு. அவரு ஆடு என் அவரைக் கொடிய மொத்தமாத் தின்னுச்சு. ‘ஆடுன்னா அப்படித்தான்’னாரு. அந்த ஆளு வீட்டு அடுப்புக் கரிய நான் தொடுவேனா? அரைப்பேரே போதும்னு இருந்துட்டேன்.”

“ஆடுன்னா அப்படித்தானே” என்று முணுமுணுத்தார் கங்காணி.

நண்பர்களே, விஞ்ஞானம் காப்பாற்றப்பட்டது இப்படித்தான். நேர்மையால் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஓர் ஆட்டினால்.

4. மழை கொடுத்த தவணை

பால்மா டின்னை மேசையில் கவிழ்த்தோம். நான்கு வெள்ளித்தாள் பொட்டலங்கள். ஒரே கட்டம், ஒரே படை, ஏறக்குறைய ஒரே ஆழம். தனித்தனியே ஒன்றுக்கும் ஆகாதவை. சேர்த்தால் ஒரு கணிப்புக்கு மட்டுமட்டாகப் போதும். அவற்றில் சிக்கியிருந்த இந்தக் காலத்து மயிர்போன்ற வேர்களைச் சிவஞானம் ஐயாவும் நானும் பூதக்கண்ணாடி வைத்து இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தோம். மூன்று நாள். நிறுக்கவில்லை. பிறகு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.

அந்த வருடம் மழை எங்கள் பக்கம் இருந்தது. மண் சரிந்து றோட்டு மூடியது. வெடிக்காரனின் லொறி பண்டாரவளையிலேயே நின்றது. துரை மழையைத் திட்டினார். மழைக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. பெய்துகொண்டேயிருந்தது. பிறகு வெயில் வந்தது. றோட்டில் மண் அள்ளினார்கள். லொறி வந்து, துளைபோடும் இயந்திரத்தைப் பாறைக்குக் கீழே இறக்கினார்கள். அதற்கு மூன்றாம் நாள் சிவஞானம் ஐயா பஸ்ஸிலிருந்து இறங்கி, குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, ஆய்வுக்கூடத்தின் முடிவோடு ஆபீசுக்கு ஏறி வந்தார்.

கரியின் வயதாக வந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. நீளமான எண், ஆயிரங்களில் வருவது. பக்கத்தில் ஒரு கூட்டல் கழித்தல் குறி: சில நூறு வருடம் முன்னே பின்னே இருக்கலாமாம். தோட்டத்தில் பெரட்டுக்குப் பத்து நிமிடம் பிந்தினால் வேலை இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். எண்ணுக்குப் பிறகு, ‘இன்றைக்கு முன்’ என்று போட்டிருந்தது. அவர்களுடைய கணக்கில் ‘இன்று’ என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் ஆண்டாம். அதில் எனக்கு வியப்பில்லை. தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயங்களுக்கும் இன்னும் அந்த ஆண்டு தாண்டவில்லை.

துரை காகிதத்தை இரண்டுமுறை வாசித்தார். “சரி. கல்லு ஒனக்கு” என்றார். சொன்ன சொல் தவறாதவர். அவருடைய மேசையில் இன்னொரு காகிதமும் கிடந்தது. லெட்சுமியின் பிரஜாவுரிமை விண்ணப்பம். அவளுடைய தகப்பன் எந்த வருடம் இந்த நாட்டுக்கு வந்தார் என்பதற்கு ஆதாரம் போதாது என்று மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது. அவள் பொறுக்கிய கரிக்கு ஒரே தடவையில் முடிந்தது.

5. மூடிய புத்தகம்

செய்தியைச் சொல்ல நானே மலைக்கு ஏறினேன். லெட்சுமி நிரையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“ஒன் கரி ஆயிரக்கணக்கான வருசம் பழசாம் லெட்சுமி. பாறைய ஒடைக்க மாட்டாங்க. ஒன்னாலதான்.”

“அப்படிங்களா.” இன்னும் நாலு கொழுந்து கூடைக்குப் போயிற்று. “அப்ப அந்த நாலு நாளுக்கும் முழுப்பேர் போடுவீங்களா?”

இதைவிட நியாயமான கேள்வியை நான் எந்தக் கருத்தரங்கிலும் பிறகு கேட்டதில்லை. ஆபீசுக்கு ஓடினேன். பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றினார்.

“செக்ரோல் மூடியாச்சு தம்பி. மூடினதத் தொறக்க முடியாது.”

“ஐயா, எத்தனையோ ஆயிரம் வருசத்துக் கணக்கையே திருத்தியிருக்காங்க.”

“அது அவங்க கணக்கு. இது தோட்டத்துக் கணக்கு.”

மறுபடி மலைக்கு ஏறிச் சொன்னேன். அவள் கூடையின் கயிற்றை நெற்றியில் சரிசெய்துகொண்டாள்.

“பாறைக்கடியிலயே தோண்டிப் பாத்துட்டீங்க. ஒரு புஸ்தகத்தத் தொறக்க முடியலியா?”

அடுத்த வருடம் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு இந்தத் துறைக்கே வந்தேன். பல குழிகளில் இறங்கிவிட்டேன். என் குழிகளில் தராசு கிடையாது. என் குறிப்பேட்டில் ‘கிடைக்கவில்லை’ என்று எழுத ஒரு தனிக் கட்டம் உண்டு. வெறுங்கையோடு வந்து அதில் எழுதச் சொல்கிறவருக்கு அன்றைக்கு முழுநாள் வேலை. கேட்ட அளவுக்குக் கொண்டுவந்து கொட்டுகிறவரைத்தான் உட்காரவைத்து விசாரிப்பேன். நான் கற்ற பாடம் இவ்வளவுதான்: நிறையைக் கேட்டால் நிறைதான் கிடைக்கும்.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன். பாறை நிற்கிறது. வெடிக்குப் போட்ட சுண்ணாம்புக் குறிகள் மழையில் கரைந்துவிட்டன. ஆபீஸ் அலுமாரியில் அந்தப் பழைய செக்ரோலும் இருந்தது. இப்போது யாரும் தடுக்கவில்லை, திறந்து பார்த்தேன். நான்கு அரைப்பேரும் அப்படியே இருக்கின்றன. நல்ல மையில் எழுதியிருந்தேன்.